சின்னவள் பக்கம்

ஓட்டுநர் இடம் மாறி உட்கார்ந்தார். நடந்தது அவ்வளவுதான்.

ஐந்து மாதமாக, பார் திறந்த கால் மணி நேரத்தில் வந்துவிடுவார். கவுண்டரின் வலது கோடியில், பெரியவளுக்கு நேர் எதிரே இருந்த உயர நாற்காலியில் ஏறி உட்காருவார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரே ஒரு பானம், ஒரு மணி நேரம். அன்று திங்கட்கிழமை. வந்தார், தொப்பியைக் கழற்றினார், பெரியவளைப் பார்த்துத் தலையசைத்தார், அப்படியே நடந்து போய் இடது கோடியில் சின்னவளுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார்.

அவருக்காக எடுத்து வைத்திருந்த கண்ணாடிக் கோப்பையைப் பெரியவள் மறுபடி துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த கோப்பைதான்.

"என்னக்கா, அதை எவ்வளவு நேரம் துடைப்பே? தேஞ்சிடப் போகுது," என்றாள் சின்னவள்.

"உன் வேலையைப் பாருடி."

"என் வேலையே இப்ப உன் ஆளுக்கு ஊத்துறதுதான். என்ன குடிப்பாரு இவரு?"

"அஞ்சு மாசமா பக்கத்துல நிக்கிறே. தெரியாதா?"

"உன் பக்கத்தை நான் எதுக்குப் பார்க்கப் போறேன்?"

சின்னவள் விகற்பமில்லாமல்தான் சொன்னாள். பெரியவளோ இந்த ஐந்து மாதமும் சின்னவள் பக்கத்தைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை.

அக்காவுக்கு இருபத்தொன்பது வயது, தங்கைக்கு இருபத்தைந்து. வீட்டில் பெரியவளே, சின்னவளே என்றுதான் கூப்பிடுவார்கள். வெளிநாடு வெளிநாடாகப் போக வேண்டும், போகிற இடத்தில் பாரில் வேலை செய்து தங்க வேண்டும், ஒருநாள் ஒரு கவுண்டருக்கு முழுப் பொறுப்பாக நிற்க வேண்டும் என்பது பெரியவளின் நான்கு வருட ஆசை. அலுவலக வேலையோடு வேலையாக வார இறுதியில் வகுப்புக்குப் போய்ப் படித்தாள். நூற்றுப் பன்னிரண்டு பானங்களை அளவோடு எழுதிய நோட்டு ஒன்று அவளிடம் இருந்தது. எல்லாம் கூடி வந்த நேரத்தில் அம்மா ஒரு நிபந்தனை போட்டாள்.

"தனியா அனுப்ப மாட்டேன். சின்னவளையும் கூட்டிட்டுப் போறதா இருந்தா போ."

"அவளுக்கு இதுல ஆசையே இல்லம்மா."

"ஆசை எதுக்கு? துணைக்குத்தானே."

துணைக்கு வந்தவள்தான் சின்னவள். முதல் ஊரில் இருவரும் தங்கும் விடுதியில் படுக்கை விரிப்பு மாற்றினார்கள். இரண்டாவது ஊரில் கோப்பை கழுவினார்கள். இந்த மூன்றாவது ஊரில் பெரியவளின் நோட்டைப் பார்த்துவிட்டு முதலாளியம்மா கவுண்டரில் நிற்க வைத்தாள். "அது யார், உன் தங்கையா? அவளும் நிற்கட்டும், உனக்குக் கைக்கு உதவி," என்றாள். புட்டியைக் கவிழ்த்தால் எத்தனை எண்ணுக்குள் எவ்வளவு விழும் என்பதைச் சின்னவளுக்குத் தண்ணீர்ப் புட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்ததே பெரியவள்தான்.

"மனசுக்குள்ள எண்ணுடி. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலுல நிறுத்து."

சின்னவளுக்கு மனதுக்குள் எதுவும் நிற்காது. வாய்விட்டு எண்ணினாள். ஒரு வாரத்தில் அவள் எதிரே உட்காருகிறவர்களும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். தமிழே கேள்விப்படாத ஜனம் கோப்பையைப் பார்த்தபடி, "ஒண்ணு! ரெண்டு! மூணு! நாலு!" என்று கத்தும்; சின்னவள் புட்டியை வெடுக்கென்று நிமிர்த்துவாள்; கைதட்டல் விழும். வலது கோடியில் பெரியவள் சொட்டுப் பிசகாமல் ஊற்றிக்கொண்டிருப்பாள். அதை யார் எண்ணினார்கள்?

ஊர் மொழி இருவருக்கும் அரைகுறை. தப்பு வந்துவிடுமோ என்று பெரியவள் மெல்லிய குரலில் நிறுத்தி நிறுத்திப் பேசுவாள். சின்னவள் தப்பாகவே பேசுவாள், தெருமுனை வரைக்கும் கேட்கும்படி.

இப்போது ஓட்டுநரும் போய்விட்டார்.

அடுத்த நாள் மதியம் முதலாளியம்மா இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். அவள் மொழியில் சொன்னதை நம் மொழியில் சொன்னால் இப்படி வரும்:

"மலை மேல எங்க அண்ணன் ஒரு பார் திறக்கிறார். கவுண்டரை ஒருத்தர் பொறுப்புல விடணும். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தான் அனுப்ப முடியும், இன்னொருத்தர் எனக்கு இங்க வேணும். புதன்கிழமை நாலு மணிக்கு அண்ணன் வருவார். ஆளுக்கு மூணு பானம். பார்த்துட்டு அவரே சொல்லட்டும்."

வெளியே வந்ததும் சின்னவள் அக்காவின் தோளில் இடித்தாள்.

"உனக்குத்தான்க்கா அது. நான் அங்க போய் என்ன பண்ணப் போறேன்? குளிரும். மூக்கு ஒழுகும். நான் வேணும்னே ஒண்ணு ரெண்டு சொதப்பிடறேன்."

பெரியவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"என்னடி, பிச்சை போடுறியா எனக்கு?"

"அய்யோ, அதில்லக்கா..."

"நீ சொதப்பினாதான் எனக்குக் கிடைக்கும்னு முடிவே பண்ணிட்டே, இல்ல?"

சின்னவள் தள்ளி நின்றாள். "சரி. நிஜமாவே பண்றேன். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"நான் எதுக்குத் தூக்கி வெச்சுக்கறேன்?"

இப்படிச் சொல்லும்போதே பெரியவளின் முகம் ஒரு முழம் தூக்கியிருந்தது.

புதன்கிழமை கடை திறக்கும் முறை பெரியவளுடையது. திறக்கிறவள் இரண்டு மணிக்கே வந்து எலுமிச்சை பிழிந்து, பாகு ஊற்றி, இருவர் பக்கத்துத் தொட்டிகளையும் அடுக்கிவிட வேண்டும். தொட்டி என்பது கவுண்டருக்கு உள்பக்கம் இடுப்பு உயரத்தில் பதித்த நீளத் தகரப் பெட்டி. ஆறு புட்டிகள் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்தபடியே கை கீழே போய் வேண்டிய புட்டியை எடுத்துவிடும். காலியான ஜின் புட்டிகளையே கழுவிப் பாகுக்கும் சாற்றுக்கும் வைத்திருந்ததால் தொட்டுப் பார்த்து வித்தியாசம் தெரியாது. இடம்தான் எல்லாம். அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம்: முன்னால் வந்தவள் அடுக்கியதைப் பின்னால் வருகிறவள் சரிபார்க்கக் கூடாது. சரிபார்த்தால், 'உன்மேல் நம்பிக்கை இல்லை' என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி.

எந்தப் புட்டி எந்த இடம் என்று முதலாளியம்மா அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு படம் ஒட்டியிருந்தாள். மது மூன்றும் வலது கைப் பக்கம், சாறும் இரண்டு பாகும் இடது கைப் பக்கம். சின்னவள் இடது கைக்காரி. அம்மா அடித்தும் மிரட்டியும் சாப்பிடுவதற்கு மட்டும் வலது கையைப் பழக்கியிருந்தாள், மற்றதெல்லாம் இடதுதான். அதனால் முதல் நாளிலிருந்தே பெரியவள் தன் தொட்டியைப் படத்தில் உள்ளபடியும், தங்கையின் தொட்டியைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி திருப்பியும் அடுக்குவாள். யாரும் சொல்லி அதைச் செய்யவில்லை. முதலாளியம்மாவுக்கு அது தெரியவே தெரியாது.

அன்று தன் தொட்டியை அடுக்கினாள். தங்கையின் பக்கம் வந்தாள். ஜின்னைக் கையில் எடுத்தாள்.

அலமாரிக் கதவு திறந்தே இருந்தது. படம் பளிச்சென்று தெரிந்தது.

'படத்துல இருக்கிற மாதிரிதானே வெக்கணும்?' என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். 'இல்லேன்னு யாராவது சொல்லட்டும் பார்ப்போம். மலைமேல இவளுக்கு யார் திருப்பி வெச்சுக் குடுப்பாங்க? நேரா வெச்சதைத் தப்புன்னு எவ சொல்லுவா?'

ஜின்னை வலப்பக்கம் வைத்தாள். இஞ்சிப் பாகை இடது ஓரத்தில் வைத்தாள். மற்ற நான்கையும் படத்தைப் பார்த்தே அடுக்கினாள்.

மூன்றரைக்குச் சின்னவள் வந்தாள். தலைமுடியை இழுத்துக் கட்டியிருந்தாள், புதுச் சட்டை. நேரே தன் இடத்துக்குப் போய்த் துணியை இடுப்பில் செருகிக்கொண்டாள். தொட்டியைக் குனிந்து பார்க்கவில்லை.

"எப்படிக்கா இருக்கேன்?"

"இருக்கிற மாதிரிதான் இருக்கே."

"வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?"

நான்கு மணிக்கு முதலாளியம்மாவும் அவள் அண்ணனும் வந்து நடுவில் உட்கார்ந்தார்கள். அண்ணன் கனத்த மனிதர், சிரிக்காத முகம். முதலில் பெரியவள். மூன்று பானம், ஒன்பது நிமிடம். துளி சிந்தவில்லை. அண்ணன் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் குடித்துவிட்டு, "சரியா இருக்கு," என்றார். மூன்று முறையும் அதே இரண்டு வார்த்தை.

அடுத்தது சின்னவள்.

"சார், நீங்களும் என்கூட எண்ணணும். எங்க ஊர்க் கணக்கு, ரொம்பச் சுலபம். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. சொல்லுங்க பார்ப்போம்!"

"ஒன்... னு," என்றார் அண்ணன்.

"அய்யோ, பிரமாதம்! இங்கயே பொறந்த மாதிரி இல்ல சார் நீங்க, எங்க தெருவுல பொறந்த மாதிரி இருக்கீங்க!"

அந்தக் கனத்த முகம் சிரித்தது. பெரியவள் அதைப் பார்த்தாள். தனக்கு மூன்று பானத்துக்கும் சிரிக்காத முகம்.

சின்னவள் அவர் கண்ணைப் பார்த்தபடியே இடது கையைக் கீழே விட்டு இடது ஓரப் புட்டியைத் தூக்கினாள். "ஒண்ணு!" இருவரும் சேர்ந்து. "ரெண்டு!" அங்கே அவள் குரல் நின்றது. மது விழுகிற சத்தம் மெல்லிசானது, ஓடுகிற சத்தம். இது தடித்து, ஓசையில்லாமல் இறங்கியது. அண்ணன் மட்டும் தனியாக, "மூ... னு?" என்றார்.

சின்னவள் குனிந்து பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள்.

ஒரு கணம்தான். பெரியவளின் வாயில் பதில் தயாராக இருந்தது. 'படத்துல இருக்கிற மாதிரிதான் வெச்சேன்.' கேட்கட்டும், கேட்டதும் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தாள்.

சின்னவள் கேட்கவில்லை. கோப்பையில் விழுந்ததைக் கீழே இருந்த வாளியில் கொட்டினாள். துணியில் கை துடைத்தாள். வலது கையால் ஜின்னை எடுத்தாள்.

அம்மா பழக்கிய கை அது, சோறு பிசைய மட்டும் தெரிந்த கை. ஒவ்வொரு புட்டியையும் குனிந்து பார்த்து எடுத்தாள். மனதுக்குள் எண்ணினாள், உதடு மட்டும் அசைந்தது. இரண்டாவது பானத்தில் கவுண்டரில் சிந்தினாள். மூன்றாவதில் ஐஸ் கரைந்து பானம் நீர்த்துவிட்டது. அண்ணன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

"என்ன ஆச்சு உனக்கு இன்னைக்கு?" என்றாள் முதலாளியம்மா.

"கை தப்பிடுச்சு மேடம்."

அண்ணன் எழுந்தார். "பேச்சு நல்லா இருக்கு. கைதான் நம்புற மாதிரி இல்ல. அக்காவே வரட்டும், அடுத்த திங்கட்கிழமையிலிருந்து."

'அவ கை தப்பவே தப்பாது' என்று பெரியவளுக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. "ரொம்ப நன்றி சார்," என்றாள்.

திறக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. சின்னவள் பின்கட்டில் சரக்கு அறையில் உட்கார்ந்து எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்தாள், இடது கையால், படபடவென்று. பெரியவள் வாசலில் நின்றாள்.

"ஏண்டி சொல்லல?"

"என்னத்த?"

"தொட்டியை."

"படத்துல இருக்கிற மாதிரிதானே வெச்சிருந்தே? அதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?"

தயாராக வைத்திருந்த பதிலைத் தங்கையே எடுத்துக்கொண்டுவிட்டாள். பெரியவள் ஓர் அடி உள்ளே வைத்தாள்.

"கோவமா?"

"ஆமா."

"திட்டேன். நாலு வார்த்தை திட்டிடேன்."

"மாட்டேன்." கத்தி நிற்கவில்லை. "திட்டினா நீ ஒரு பாட்டம் அழுவே. 'சாரிடி, சாரிடி'ன்னு கட்டிப்பே. அப்புறம் மனசு லேசாகி மலையேறிடுவே. அப்படியெல்லாம் லேசாக விட மாட்டேன். இதோட போ."

"சின்னவளே..."

"தள்ளு, வெளிச்சத்தை மறைக்கிறே. விரலை வெட்டிக்கப் போறேன்."

ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் வந்தாள். மகள்கள் இருவரும் ஒரு பெரிய ஜூஸ் கடையில் வேலை செய்கிறார்கள் என்பது அம்மாவின் நினைப்பு. அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்கள்.

"மலைமேல ஜூஸ் கடைக்கு உன்னைத் தலைவியாக்கிட்டாங்களாமே! சின்னவ சொன்னா."

"என்ன சொன்னா?"

"'எங்கக்கா கெட்டிக்காரிம்மா, எல்லாத்தையும் கரெக்டா வைப்பா'ன்னா. ஏன் பெரியவளே, மலைல குளிருமே, குளிர்ல யாரு ஜூஸ் குடிக்கிறா?"

"குடிப்பாங்கம்மா."

"சூடா குடுங்க. சளி பிடிக்காது. சரி, சின்னவளைத் தனியா விட்டுட்டுப் போறியே, துணைக்கு..."

"அவளுக்குத் துணை வேணாம்மா. அவளைச் சுத்தி எப்பவும் பத்துப் பேர்."

பக்கத்துக் கட்டிலில் சின்னவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். இதைக் கேட்டு முதுகு ஒருமுறை அசைந்தது. சிரித்தாளா, வேறெதுவுமா என்று தெரியவில்லை.

அன்று மாலைதான் பெரியவளுக்கு அந்த பாரில் கடைசி வேலை. ஓட்டுநர் வழக்கம்போல் இடது கோடிக்குப் போனார். பெரியவள் தன் இடத்தை விட்டு அவரிடம் போனாள். இனி போனால் என்ன, வந்தால் என்ன என்கிற துணிச்சல்.

"நாளைக்கு நான் மலைக்குப் போறேன். ஒண்ணு கேக்கணும். என் பக்கத்தை விட்டு ஏன் மாறி உட்கார்ந்தீங்க? நான் ஏதாவது தப்பா ஊத்தினேனா?"

ஓட்டுநர் தலையைச் சாய்த்தார். "என்ன?"

மறுபடி கேட்டாள். மறுபடியும், "என்ன?"

"ஏன் இடம் மாறினீங்க?" என்று கத்தியேவிட்டாள் பெரியவள். பாரே திரும்பிப் பார்த்தது.

"ஓ, அதுவா!" என்றார் ஓட்டுநர். "காது இப்ப சுத்தமா போயிடுச்சும்மா. முப்பது வருஷம் இன்ஜின் பக்கத்துல உட்கார்ந்த காது. நீ பேசுறது ஒண்ணும் விழல. இவ கத்துறா, நல்லா விழுது."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் கத்தியிருப்பேனே!"

"இப்ப கத்துறியே, அது கேக்குது," என்றார் அவர் சந்தோஷமாக.

சின்னவள் மறுபக்கம் திரும்பிக்கொண்டு ஐஸ் அள்ளினாள். தேவைக்கு மேலேயே அள்ளினாள்.

மலைமேல் பாரில் எல்லாமே புதிது. மர வாசனை போகாத கவுண்டர், கீறல் விழாத தொட்டிகள். ஜன்னலுக்கு வெளியே மேகம் நின்றது. உதவிக்கு ஓர் ஆள், நெட்டையாக இருந்ததால் எல்லோருக்கும் அவன் நெட்டையன். பெரியவளைவிட மூன்று வயது மூத்தவன், தணிந்த குரல்காரன். பெரியவள் முதல் நாள் மதியமே போய்த் திறந்தாள். எலுமிச்சை பிழிந்தாள், பாகு ஊற்றினாள், இரண்டு தொட்டிகளையும் அடுக்கினாள். நான்கு வருடம் நினைத்த கவுண்டர். கையால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

நெட்டையன் வந்து இடது பக்கத் தொட்டியைக் குனிந்து பார்த்தான்.

"இங்க யார் இடது கைக்காரங்க?"

"யாரும் இல்லையே. ஏன்?"

"இல்ல, இது முழுக்கத் திருப்பி வெச்சிருக்கே."

பெரியவள் வந்து பார்த்தாள். ஆமாம். மது மூன்றும் இடது ஓரம், பாகு வலது ஓரம். கை தானாகச் செய்திருந்தது. புதன்கிழமை வேண்டாம் என்று நிறுத்திய வேலையைத் திங்கட்கிழமை கேட்காமலே செய்திருந்தது.

"மாத்திடலாமா?" என்றான் நெட்டையன்.

"நான் மாத்துறேன். நீங்க போய் ஐஸ் கொண்டு வாங்க."

அவன் போன பிறகும் கொஞ்ச நேரம் மாற்றவில்லை.

அதற்குப் பிறகு பதினேழு நாட்கள் சின்னவளிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. அம்மா வழியாகத்தான் சேதி போனது, வந்தது. பதினெட்டாம் நாள் மதியம், திறக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது, போனில் சின்னவளின் குரல் பதிவு வந்து விழுந்தது. பெரியவள் நின்றபடியே கேட்டாள்.

"அக்கா. கோவம் இன்னும் போகல, அதை முதல்ல சொல்லிடறேன். ஓட்டுநர் உன்னைக் கேட்டாரு, 'அந்தக் கத்துற பொண்ணு எங்கே'ன்னு. அப்புறம் ஒரு விஷயம். இப்ப இங்க திறக்கிறதும் நான்தான். நானே திருப்பி வெச்சுக்கலாம்தான், ஆனா இனி எவ எப்படி வெச்சாலும் என் கை தப்பக் கூடாது. அதனால படத்துல இருக்கிற மாதிரியே வெச்சு, வலது கையையும் பழக்கிட்டேன். இப்ப ரெண்டு கையும் ஓடுது. ஒரே நேரத்துல, இடது கைல பாகு, வலது கைல ஜின். பார்க்கிறவங்க வாயைப் பொளக்கிறாங்க. மேடம் வீடியோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பியிருக்காங்க, நீயும் பார்ப்பே. வயித்தெரிச்சலா இருக்கா? நல்லா எரியட்டும். வெச்சுடறேன்."

பெரியவள் இன்னொரு தடவை கேட்டாள். மூன்றாவது தடவையும் கேட்டாள். 'எரியட்டும்' என்ற இடத்தில் குரல் லேசாகச் சிரித்ததா என்று காதருகே வைத்துப் பார்த்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"ரெண்டு கையும் ஓடுதாம்ல!" என்றாள் காலியான நாற்காலிகளிடம்.

காலி ஜின் புட்டிகள் இரண்டை எடுத்துத் தண்ணீர் நிரப்பினாள். இரண்டு கோப்பைகளை எதிரே வைத்தாள். வலது கையில் ஒரு புட்டி. இடது கையில் ஒன்று. இடது கை புட்டியைப் பிடித்ததே பூனைக்குட்டியைத் தூக்குகிற மாதிரி இருந்தது. கவிழ்த்தாள். வலது கோப்பையில் நூல் பிடித்த மாதிரி விழுந்தது. இடது கையின் தண்ணீர் கோப்பையைத் தாண்டி, கவுண்டரைத் தாண்டி, சட்டைக் கையை நனைத்தது.

ஐஸ் பெட்டியோடு உள்ளே வந்த நெட்டையன் அப்படியே நின்றுவிட்டான். "என்ன பண்றீங்க?"

"பேசாதீங்க," என்றாள் பெரியவள். சட்டையைப் பிழியாமலே புட்டிகளை மறுபடி தூக்கினாள். "எண்ணிட்டு இருக்கேன்."

பிறகு வாய்விட்டு, மலை முழுக்கக் கேட்கிற மாதிரி எண்ணினாள்.

"ஒண்ணு! ரெண்டு!"